சொந்த எடுத்துக்காட்டு ஒன்று தருக

உங்களில் யாருக்காவது வஞ்சப்புகழ்ச்சி அணி ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்காக உருப்போட்டது, பரீட்சை முடிந்த அன்றைக்கே உதறிவிட்டு வந்தது. எனக்கும் மற்ற அணியெல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் வந்து வேற்றுமை அணி என்றால் என்னவென்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறேன். வஞ்சப்புகழ்ச்சியை மட்டும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புகழ்வது போல இகழ்வதும், இகழ்வது போலப் புகழ்வதும். அந்த ஒன்றரை வரியால் எனக்கு வந்து சேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அறுபது தாண்டி முட்டிவலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கேளுங்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். சாமையும் தினையும் விதைத்து, புளி உலுக்கி, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிற ஊர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவேண்டும் என்றால் அரை நாள் நடந்துபோய் விடுதியில் சேரவேண்டும். எழுபதுகளின் கடைசி அது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பியவர் எங்கள் ஊரில் என் அப்பா ஒருத்தர்தான். "பொட்டச்சி படிச்சு இன்னா கலெக்டராவப் போறாளா?" என்று ஊரே கேட்டது. அவர் காதில் வாங்கவில்லை.

அவருக்கு எழுத்தின் மேல் ஒரு பக்தி. ஒருமுறை ஏதோ ஒரு ஆபீசில் காலையிலிருந்து நின்று தன் நியாயத்தைச் சொல்லியிருக்கிறார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். பின்னால் வந்த ஒருத்தன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான், உடனே நாற்காலி போட்டார்களாம். அன்றிலிருந்து, "வாய்ப்பேச்சு காத்தோட போவும், எழுத்து நிக்கும். எழுத்துன்னா சர்க்காரு" என்பார். அவருக்குக் கைநாட்டு மட்டும்தான் தெரியும்.

விடுதி என்றால் ஒரே ஒரு நீளக் கூடம். ஓட்டுக்கூரை, இரண்டு சின்ன ஜன்னல், நாற்பது சொச்சம் பாய். ஈரப் பாயும் மண்ணெண்ணெயும் நாற்பது தலைத் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து ஒரு வாடை வரும். இப்போதும் மழைக்காலத்தில் கதவைச் சாத்தி வைத்தால் எனக்கு அந்த வாடை அடிக்கிறது, எழுந்துபோய்த் திறந்துவிடுகிறேன். என் வீட்டில் ராத்திரிகூட ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும். திருடன் வருவான் என்று மருமகன் சொல்வார். வந்தால் வரட்டும், கதவைத் திறக்க ஒரு ஆளாவது வந்தானே என்று இருக்கும்.

பொங்கல் வரைக்கும் இருந்த வார்டன் ஒரு கிழவி. அவள் பாட்டுக்குத் தூங்குவாள், நாங்கள் பாட்டுக்கு ஓடையில் குளித்துவிட்டு வருவோம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் கிழவி இல்லை. புது வார்டன் அம்மா வந்திருந்தாள். கீழ்நாட்டுக்காரி, வேலூர்ப் பக்கம். வந்த முதல் நாள் கூடத்தைச் சுற்றி வந்தாள், பின்னால் இருந்த மூங்கில் புதரைப் பார்த்தாள், மறுநாள் ஒரு பூட்டு வாங்கி வரச் சொன்னாள். என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது அது.

அப்புறம் பொழுது சாய்வதற்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும். வெளியில் பூட்டிவிடுவாள். மூலையில் ஒரு தகர வாளி, நாற்பது பேருக்கும் அதுதான். விடிந்து திறக்கும்வரை அந்த நாற்றத்தோடு கிடப்போம். மலையில் பிறந்தவர்கள் நாங்கள். கதவு என்றால் எங்கள் ஊரில் ஆடு நுழையாமல் இருக்க வைக்கிற மூங்கில் படல். பூட்டுகிற சத்தம் கேட்டவுடன் சின்னப் பிள்ளைகள் சில ஓவென்று அழ ஆரம்பித்துவிடும். அழுதால் காலையில் கரண்டிக் காம்பால் விரல் கணுவில் ஒன்று. பேன் என்று சொல்லி எல்லோர் தலையையும் காது மட்டத்துக்கு வெட்டிவிட்டாள். அரிசியில் கல்லும் இருக்கும், புழுவும் இருக்கும். கல்லைப் பொறுக்கிவிடலாம்.

என் பக்கத்துப் பாய்க்காரிக்கு அம்மை போட்டது. மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். அரிசி மூட்டை, புளி மூட்டை, எலி, நடுவில் அவள். ஆறு நாள். சாப்பாட்டைக் கதவிடுக்கில் தள்ளுவார்கள். நான் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு நாள் பதில் சொன்னாள். அப்புறம் உள்ளேயிருந்து கதவைச் சுரண்டுகிற சத்தம் மட்டும்தான் வரும். ஏழாம் நாள் வெளியே விட்டபோது வெயிலில் கண் திறக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான், இங்கிருந்து எப்படியாவது போய்விட வேண்டும் என்று நான் முடிவு பண்ணினேன்.

எப்படிப் போவது? ஓடிப்போன ஒருத்தியை அவள் அப்பாவே மறுநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்டுப்போனார். அப்பா வந்து கூட்டிப்போனால்தான் உண்டு. அவருக்கு எழுதலாம் என்றால், கடுதாசியை ஒட்டாமல் வார்டன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவள் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவாள். "இங்கே சோறு சரியில்லை" என்று ஒருத்தி எழுதினாள். அந்த இன்லண்டு லெட்டரை அவள் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டு, அதில் எரிந்த நெருப்பில் பால் காய்ச்சிக் குடித்தாள் மகராசி.

இந்த நேரத்தில்தான் தமிழய்யா அணியிலக்கணம் ஆரம்பித்தார். அவர் ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பாதி நாள் பஸ் வராது, அவரும் வரமாட்டார். வருகிற நாளில் மூன்று நாள் பாடத்தையும் மூச்சுவிடாமல் எழுதிப்போட்டுவிட்டு, சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "சொந்த எடுத்துக்காட்டு ஒண்ணு எழுதிக்கிட்டு வரணும். நான் சொன்னதையே எழுதினா பூஜ்யம்" என்பார். அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்.

பூட்டின கூடத்துக்குள் எங்களுக்கு வேறென்ன வேலை? எடுத்துக்காட்டுத்தான். சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்வோம். எங்கள் கூடத்து லீடர் ஒரு நெட்டைக்காரி, பத்தாம் வகுப்பு. அவள்தான் நீதிபதி. உயர்வு நவிற்சிக்கு ஒருத்தி, "இந்த ரசத்தில் ஒரு பருப்பு தேடப்போனவன் பேரப்பிள்ளை எடுத்துவிட்டுத் திரும்பினான்" என்றாள். தற்குறிப்பேற்றம் எனக்கு வந்தது. இயல்பாக நடப்பதற்கு நாமாக ஒரு காரணம் ஏற்றிச் சொல்வது அது. "எங்கள் வாளியைப் பார்க்கச் சகிக்காமல் விளக்கு தானே அணைந்தது" என்றேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் சிரித்தது அணியிலக்கணத்தால்தான்.

வஞ்சப்புகழ்ச்சி வந்த நாளில் எனக்குப் பொறி தட்டியது. புகழ்வது போல இகழ்வது! இதைவிட வேறென்ன வேண்டும்? வார்டன் அம்மாவை வானளாவப் புகழ்ந்து எழுதினால் அவளே நாக்கால் நனைத்து ஒட்டி அனுப்புவாள். அப்பாவுக்குப் புரியுமா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் மலையில் நல்லதை நல்லது என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைப் பார்த்து, "இன்னா, இத்தப் பெத்தியா, எலிக்குஞ்சு பொறுக்கினு வந்தியா?" என்று கேட்பார்கள், தாய்க்காரி சந்தோஷமாகத் தலையாட்டுவாள். சாமை இடுப்பளவு விளைந்து நிற்கும், எப்படியிருக்குது என்றால், "தோ, குருவி மூக்க நனைக்க ஆவும்" என்பார் அப்பா. நான் பாஸ் பண்ணினேன் என்று ஓடிப்போய்ச் சொன்னபோதுகூட, "கழுதைக்கு இன்னா தெரியும்" என்றுதான் சொன்னார், சொல்லிவிட்டு அன்றைக்குச் சேவலை அடித்தார். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி எதையாவது வாய்கொள்ளாமல் புகழ்ந்தால், அடிவயிற்றில் ஏதோ சரியில்லை என்று எவனுக்கும் தெரிந்துவிடும். அப்பாவுக்குத் தெரியாமல் போகுமா? இதுதான் என் கணக்கு.

மூன்று நாள் யோசித்து ரஃப் நோட்டில் எழுதினேன். முதலில், "சாம்பாரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறோம்" என்று போட்டிருந்தேன். லீடர் படித்துப் பார்த்தாள்.

"அடியே, இது தெரிஞ்சிடும். அவ இன்னா மண்ணாந்தையா? இத்த எடு."

"எடுத்துட்டா இன்னாக்கா இருக்குது? நல்லதாவே இருக்குதே."

"நல்லதாத்தான் இருக்கணும். உங்கப்பனுக்குப் புரியும்னு நீதான சொன்ன?"

எடுத்தேன். கடைசியில் இப்படி வந்தது. இன்றைக்கும் எழுத்து மாறாமல் சொல்வேன்.

"அன்புள்ள அப்பாவுக்கு, நான் இங்கு மிக நலம். எங்கள் புது வார்டன் அம்மாவைப் போல அன்பானவர் உலகத்தில் இல்லை. எங்கள்மேல் குளிர்காற்று படக்கூடாது என்று பொழுது சாயுமுன்பே கதவைச் சாத்திப் பாதுகாக்கிறார். சோறு முத்து முத்தாக இருக்கிறது. எங்கள் தலைமுடியைத் தன் கையாலேயே திருத்தி விடுகிறார். உடம்புக்கு வந்தால் தனி அறையே கொடுத்துவிடுகிறார். பெற்ற தாயை மறந்துவிட்டேன். இந்தச் சொர்க்கத்தை நீங்கள் ஒருமுறை வந்து கண்ணால் பார்க்கவேண்டும். உடனே வரவும். இப்படிக்கு, தங்கள் அன்பு மகள்."

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கரண்டிக் காம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வார்டன் அம்மா படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எனக்கு இங்க யாருமே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். டப்பாவைத் திறந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது யோசித்தால் அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருந்திருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கரடி இருக்கிற மலையில், மின்சாரம் இல்லாத இடத்தில், நாற்பது பெண்களைக் கொடுத்து, ஒன்று காணாமல் போனாலும் ஜெயில் என்று சொல்லி மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பயந்துகொண்டுதான் பூட்டியிருக்கிறாள். இதெல்லாம் எனக்கு ஐம்பது வயதில் உறைத்தது, அதற்காக அந்த ஆறு நாளை நான் மன்னித்துவிடவில்லை. அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்து ச்சீ என்று ஆகிவிட்டது எனக்கு. பிஸ்கட்டை மட்டும் தின்றுவிட்டேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் பிரேயரில் அந்தக் கடுதாசியை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டினாள். விஷயம் தெரிந்தவர்கள் குனிந்து சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அம்மை போட்ட என் பக்கத்துப் பாய்க்காரிக்கு நான் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. அவள் அன்று சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். அப்பா வந்ததும் எல்லாம் தெரிந்துவிடும், அப்போது வந்து பேசுவாள் என்று விட்டுவிட்டேன்.

மாசி போயிற்று. பங்குனி பிறந்தது. பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் கேட்டைப் பார்ப்பேன், அப்பா நடந்துதான் வருவார் என்று தெரிந்தும் பார்ப்பேன். பெட்டியில் துணியை மடித்துத் தயாராக வைத்திருந்தேன். மாற்றுத்துணி இல்லாமல் ஒரே பாவாடையைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்தார். தலையில் துண்டு, கையில் ஒரு மூட்டை. என்னைப் பார்த்தவுடன் வெட்டின தலையைத் தடவிப்பார்த்தார். புரிந்துகொண்டு வந்துவிட்டார் என் அப்பா என்று நினைத்தேன். அப்போதே ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன், அதற்குள் அவர் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே காய்ந்த மிளகாய், கல்லுப்பு, எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு.

"இன்னாத்துக்குப்பா இது?"

"இன்னாத்துக்கா? அப்பிடி எழுதிப்புட்டு இன்னாத்துக்குன்னு கேக்குற? உன் கடுதாசி வந்து எட்டு நாளு மொறத்துல கெடந்துச்சு, உன் தங்கச்சி எழுத்துக் கூட்டிப் பாத்தா, முழுசாப் படிக்க ஆவல. அப்புறம் புளி பாய் வந்தாரு."

புளி பாய் என்றால் வாணியம்பாடியிலிருந்து வருஷா வருஷம் எங்கள் ஊருக்குப் புளி எடுக்க வருகிறவர். நல்ல மனுஷர். அவர்தான் கடுதாசியை ஊர் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறார்.

"ஊரே கூடிப்போச்சு பாப்பா. அவரு படிச்சிட்டு, 'மாஷா அல்லா, இன்னா எழுத்து கவுண்டரே! பச்சைப் புள்ள இத்தினி சந்தோசத்த ஒடச்சு எழுதிட்டாளே, கண்ணு பட்டுடப்போவுது, எதுனா பண்ணுங்க'ன்னாரு. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. வாய்ல சொன்னாலே கண்ணு படும். நீ எழுத்துலயே போட்டுட்ட! அதான் ஓடியாறேன்."

அவர் உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்து என்னை மூன்று சுற்று சுற்றினார். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று முணுமுணுத்தார். வார்டன் அம்மா வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "அம்மா, நீங்களும் கொஞ்சம் கிழக்கப் பாத்து நில்லுங்கம்மா" என்றார். அவளையும் சுற்றினார். கூடத்தின் வாசற்படிக்கும் சுற்றினார். அந்தப் பூட்டு தொங்குகிற நாதாங்கியில் கறுப்புக் கயிறு கட்டினார். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியே அடிக்கவில்லை, அத்தனை கண் இருந்திருக்கிறது என்று அப்பாவுக்குத் திருப்தி.

"பெரியவரே, சின்னது ஒண்ணு இருக்குதுன்னு சொன்னீங்களே," என்றாள் வார்டன் அம்மா.

"ஆமாம்மா. பத்து வயசு. இவ கடுதாசியக் கேட்டதுலருந்து நானும் போறேன் நானும் போறேன்னு ஒரே அழுவ. வர்ற ஆனியில இங்கியே சேத்துடலாம்னு..."

"கண்டிப்பா சேத்துக்கறேன். இருங்க, ஃபாரம் எடுத்துட்டு வர்றேன். ஒரு கைநாட்டு வெச்சிட்டுப் போயிடுங்க."

அவள் உள்ளே போனாள். நான் போவது இருக்கட்டும், என் தங்கச்சியும் இங்கே வரப்போகிறாள். அவளுக்கு இருட்டு என்றால் ஆகாது. வீட்டில் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். அவள் இந்தக் கூடத்துக்குள், அந்த வாளியோடு, வெளியில் பூட்டு. ஃபாரம் இருந்தது மேசை டிராயரில். எடுத்துக்கொண்டு வர எத்தனை நேரம் ஆகும்? அப்பாவின் கையைப் பிடித்தேன். அணியாவது ஒன்றாவது, எல்லாம் பறந்துவிட்டது.

"அப்பா, அவள அனுப்பாத. இங்க நல்லால்லப்பா. சாயங்காலமே வெளிய பூட்டிடுறாங்க. சோத்துல புழு. கரண்டிக் காம்பால அடிக்கிறாங்க, தோ பாரு வெரல. அம்மை போட்டவள எலி இருக்கிற ரூம்ல ஆறு நாளு பூட்டி வெச்சாங்க. என்னைக் கூட்டிட்டுப் போப்பா. இப்பவே வர்றேன். நான் எழுதுனது அத்தினியும் பொய்."

அப்பா என்னையே பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்பாடா," என்றார். "படிச்சுப் படிச்சு மலைக்காரப் பேச்ச மறந்துட்டாளோன்னு வழி பூரா வெசனப்பட்டுக்கினே வந்தேன். மறக்கல. இப்பதான் எம்பொண்ணு மாதிரி பேசுற. அப்பிடித்தான் சொல்லணும். எவன் கேட்டாலும் அப்பிடியே சொல்லு."

"ஐயோ, நெசமாப்பா! சாமி சத்தியமா!"

"அட, போதும்மே," என்று சிரித்தார். "எனக்கே கண்ணுல தண்ணி வந்துடும்போல கீது. புழுவாம்ல!"

இகழ்வது போலப் புகழ்வது. தமிழய்யா எழுதிப்போட்ட இரண்டாம் பாதி. அதை நான் உருப்போட்டேனே தவிர ஒருநாளும் யோசித்ததில்லை, என் அப்பா பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷையே அதுதான் என்று தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை. எழுத்தில் புகழ்ந்தேன், எழுத்து சர்க்காரு, பொய் சொல்லாது என்று நம்பிவிட்டார். வாயால் உண்மையைச் சொன்னேன், கண் படாமல் இருக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இன்னும் எப்படிச் சொல்வது? அழுதால் புரியுமோ என்று அழுதேன். பிரிய மனம் இல்லாமல் அழுகிறேன் என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். வார்டன் அம்மா ஃபாரத்தோடு வந்தாள், மைப் பெட்டியைத் திறந்தாள். அப்பா இடது கைக் கட்டைவிரலை அழுத்தி ஒரு சுற்று உருட்டி வைத்தார். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, என் கையில் ஒரு கயிறு கட்டிவிட்டு, பொழுது சாயுமுன் ஊர் போய்ச் சேரவேண்டும் என்று கிளம்பிவிட்டார். கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முழுப்பரீட்சை முடிந்து ஊருக்குப் போனேன். விடுமுறையில் சொல்லிச் சரிப்படுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னேனே! அம்மாவிடம் சொன்னேன், சித்தப்பாவிடம் சொன்னேன், தண்ணீர் எடுக்கிற இடத்தில் சொன்னேன். விரலைக் காட்டினேன். "எங்க வூட்டு மாட்டுக்கும்தான் கொம்புல காயம்," என்றாள் பெரியம்மா. சொல்லச் சொல்ல விடுதி இன்னும் நல்லதாகிக்கொண்டே போயிற்று. நான் இவ்வளவு மறைக்கிறேன் என்றால் அங்கே தினம் கறிச்சோறுதான் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கூடக் கிளம்பியது. மேலும் இரண்டு பேர் தங்கள் பெண்களுக்கு ஃபாரம் கேட்டு அப்பாவிடம் வந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடினாலும், நல்லதை மறைக்கிறாள் என்றார்கள்.

வேறொரு கடுதாசி எழுதி, இதுதான் உண்மை என்று எழுத்திலேயே போட்டு, ஊரிலேயே அப்பா கையில் கொடுத்திருக்கலாம். எழுத்தென்றால் அவர் நம்பியிருப்பார். அந்த யோசனை அன்றைக்கு எனக்கு வரவே இல்லை, வந்தது முப்பது வருஷம் கழித்து, ரேஷன் கடைக் க்யூவில் நிற்கும்போது. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் கார்டை மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்தார்கள்.

தங்கச்சி ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். என் கடுதாசியை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து முழுவதும் மனப்பாடம் பண்ணியிருந்தாள். ஆடு மேய்க்கும்போதுகூட, "பெற்ற தாயை மறந்துவிட்டேன்" என்று ராகம் போட்டுக்கொண்டு திரிவாள். ஒருநாள் அவளைத் தனியாகப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய், "அதெல்லாம் பொய்டி, அக்கா சொல்றேன் கேளு" என்றேன். கண்ணைச் சிமிட்டிவிட்டு, "எனக்குத் தெரியும், யாருக்கும் சொல்லமாட்டேன்" என்றாள்.

ஆனி மாதம் அப்பா எங்கள் இரண்டு பேரையும் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவள் எங்களுக்கு முன்னால் ஓடினாள். வார்டன் அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள், முடியைப் பிடித்துப் பார்த்தாள், கத்தரிக்கோல் எடுத்துவரச் சொன்னாள். அப்பா அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். என் பாய்க்குப் பக்கத்தில் அவள் பாயை விரித்தேன். அவள் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பூட்டு விழுந்தது. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். தங்கச்சி எழுந்துபோய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு கையாலும் தள்ளினாள். அப்புறம் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை.

"நீதான எழுதுன?" என்றாள்.

"ஆமா."

"அப்ப வேற ஒண்ணு எழுதுக்கா. அப்பா வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

அவளே என் பெட்டியைத் திறந்து, ரஃப் நோட்டையும் பேனாவையும் எடுத்து என் மடியில் வைத்தாள். விளக்கை எனக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். நான் மூடியைத் திறந்து பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் நான் எழுதுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.